சொந்த டொமைன்ல ஷார்ட் லிங்க்: ஷார்ட்.ஐஓ ஃப்ரீ பிளான், ஒரு சேலைக் கடைக்காரி ரிவ்யூ

முதல்லயே தீர்ப்பைச் சொல்லிடறேன், சின்னதா கடை வச்சு வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாலயும் ஓட்டிட்டு இருக்கவங்களுக்கு, நீளமான லிங்க்கைச் சின்னதா சுருக்கித் தர்ற ஷார்ட்.ஐஓங்கற சர்வீஸோட ஃப்ரீ பிளான் தாராளமா போதும், காசு கட்டவே வேணாம். ஆனா ஒரு கண்டிஷன். டொமைன், அதாவது உங்க வெப்சைட்டோட விலாசப் பேர், உங்க பேர்ல, உங்க இமெயில்ல, உங்க பாஸ்வேர்ட்ல இருக்கணும். அது இல்லாம எந்த கம்பெனியோட ஷார்ட் லிங்க்கை நம்பி போர்டு, பை, கார்டுன்னு அச்சடிச்சாலும் வாடகை வீட்டுக்கு நம்ம காசுல டைல்ஸ் ஒட்டுன கதைதான். 5க்கு 4 குடுப்பேன், அந்த ஒரு மார்க்கு எதுக்குக் குறைச்சேன்னு வர்ற வழியில சொல்றேன்.

நாங்க மதுரைல சுங்குடி சேலை விக்கறோம். சரக்கு பெரும்பாலும் சின்னாளப்பட்டி. கடைன்னு ஒண்ணு இருக்கு, ஆனா வியாபாரம் பாதிக்கு மேல போன்லதான் நடக்குது, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பி, கலர் பிடிச்சிருந்தா ஜிபே பண்ணி, கூரியர்ல போட்டு விடறது. வெப்சைட் ஒண்ணும் இருக்கு, பேருக்கு. இந்த ஷார்ட் லிங்க் சமாச்சாரம் எதுக்கு வந்துச்சுன்னா கட்டைப்பைக்காக. நம்ம ஊர்ல ஒரு சேலை எடுத்தா அதை கட்டைப்பைல போட்டுக் குடுக்கணும், இல்லன்னா கடைக்கு மரியாதையே இல்ல, அந்தப் பை அதுக்கப்புறம் ரேஷன் கடை, மார்க்கெட், கோயில், அடுத்தவங்க வீட்டு விசேஷம்னு வருஷக்கணக்கா ஊரைச் சுத்தும், அதைவிட நல்ல விளம்பரம் எதுவும் கிடையாது. அதுல ஒரு க்யூஆரும் பக்கத்துல கையால டைப் பண்ற மாதிரி சின்னதா ஒரு லிங்க்கும் போட்டா பையைப் பாக்கறவங்க நேரா நம்ம வாட்ஸ்அப்புக்கே வந்துருவாங்கன்னு யோசனை.

யோசனை நல்லா இருந்துச்சு, பிரிண்டிங் அண்ணன்தான் ஒரே பார்வைல நிறுத்திட்டாரு. "ஏம்மா, இந்தப் புள்ளி இவ்ளோ நெருக்கமா இருந்தா ஸ்க்ரீன் பிரிண்ட்ல நிக்காதும்மா, மை பரவி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்புறம் ஸ்கேன் ஆகலைன்னு எங்கிட்டதான் வந்து நிப்பீங்க"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி.

ஏன் அவ்ளோ நெருக்கமா வந்துச்சுன்னு பாத்தா அது தமிழோட விஷயம். வாட்ஸ்அப் சேட் நேரா திறக்கற லிங்க் இருக்குல்ல, டபிள்யூஏ டாட் எம்இ ஸ்லாஷ் போட்டு 91 சேத்து நம்பர், அதுக்குப் பின்னாடி வர்றவங்க டைப் பண்ணாமலே அனுப்பற மாதிரி ஒரு வரியும் வைக்கலாம். நான் "வணக்கம் சேலை விலை வேணும்"னு வச்சேன். பாக்கறதுக்கு நாலே வார்த்தை. ஆனா லிங்க்குக்குள்ள போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூணு பைட்டா உடைஞ்சு, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட சேத்து மூணு எழுத்தா மாறி, ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. அதுலயும் புள்ளி, கொம்பு, காலெல்லாம் தனித்தனி குறி. "வணக்கம்" ஒண்ணே ஒண்ணுல 7 குறி இருக்கு, அது மட்டுமே 63 எழுத்து ஆயிடுது. மொத்த லிங்க்கையும் எண்ணிப் பாத்தா 230. அதை நடுத்தர எரர் கரெக்‌ஷன்ல க்யூஆர் ஆக்குனா ஒரு பக்கத்துக்கு 61 கட்டம், அதாவது 61க்கு 61. அதே இடத்துக்குப் போற ஷார்ட் லிங்க் 25 எழுத்துக்குள்ள முடிஞ்சா 25க்கு 25 கட்டம் போதும், அதே அளவு சதுரத்துல ஒவ்வொரு கட்டமும் ரெண்டு மடங்குக்கு மேல பெருசாயிடும். துணிப்பைல மை கொஞ்சம் பரவுனாலும் போன் கேமரா படிச்சிரும். எரர் கரெக்‌ஷன்னா க்யூஆர்ல கொஞ்சம் அழிஞ்சாலும் மீதிய வச்சு படிக்கற வசதி, அதைக் கூட்டுனா கட்டமும் கூடும், அதனால லிங்க் நீளமா இருந்தா அதையும் கூட்ட முடியாது, ரெண்டு பக்கமும் அடி. இதுக்காகவே ஷார்ட் லிங்க் வேணும், அழகுக்காக இல்ல.

சரி, ஃப்ரீயா ஆயிரம் ஷார்ட்னர் இருக்கே, ஏதாவது ஒண்ணுல சுருக்கி அடிச்சிட வேண்டியதுதானேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. கூகுளே ஒண்ணு நடத்துச்சு, கூ டாட் ஜிஎல்னு, ஞாபகம் இருக்கா? 2009ல ஆரம்பிச்சது, 2018ல மூடப்போறோம்னாங்க, 2019 மார்ச்சோட புது லிங்க் போட முடியாமப் போச்சு, பழசு ஓடும்னாங்க. 2024 ஜூலைல திரும்ப வந்து 2025 ஆகஸ்ட் 25க்கு அப்புறம் பழசும் ஓடாதுன்னாங்க. அப்புறம் அந்த தேதிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, இல்ல இல்ல, யாரும் தொடாம கிடக்கற லிங்க்கை மட்டும்தான் நிறுத்தறோம், மத்ததை விட்டு வைக்கறோம்னு மாத்திட்டாங்க. கூகுளுக்கே இந்த நிலைமைன்னா மத்த கம்பெனி பத்தி கேக்கவே வேணாம். விசிட்டிங் கார்டுலயும் போர்டுலயும் அந்த லிங்க்கை அடிச்சு வச்சவங்க நிலைமைய நெனச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, பிட்லின்னு பிரபலமான ஷார்ட்னர் ஒண்ணு இருக்கு, அதோட லிங்க்ல வர்ற எல்ஒய் லிபியா நாட்டோட கோடு, நிறைய பேருக்குத் தெரியாது. 2010ல அந்த நாட்டு ரெஜிஸ்ட்ரி (டொமைன் பேரைப் பதியற அமைப்பு) எங்க சட்டத்துக்கு ஒத்து வரலைன்னு வேற ஒரு ஷார்ட்னரோட டொமைனையே பிடுங்கிருச்சு. பிட்லிக்கு ஒண்ணும் ஆகல, இன்னைக்கும் ஜம்முனு ஓடுது, அதைக் குறை சொல்லல. ஆனா அதுல சொந்த டொமைன் கட்டணும்னா பணம் கட்டற பிளானுக்குப் போகணும், ஃப்ரீ பிளான்ல அந்தப் பேச்சே இல்ல. எனக்கு வேண்டியதே சொந்த டொமைன்தான், அதனால பிட்லி லிஸ்ட்லயே வரல. டாலர்ல மாசாமாசம் கட்டி சேலை விக்கற அளவுக்கு நம்ம கடை இன்னும் வளரல.

பாத்த மத்ததையும் சுருக்கமா சொல்லிடறேன். டப்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ், ஃப்ரீலயே சொந்த டொமைன் போடலாம், பாக்க ரொம்ப நீட்டா இருக்கு, ஆனா அது ஸ்டார்ட்அப் ஆளுங்களை மனசுல வச்சு செஞ்ச மாதிரி இருக்கு, அஃபிலியேட், கன்வர்ஷன்னு நமக்கு சம்பந்தமில்லாத மெனு நிறைய. யுவர்ல்ஸ்னு ஒண்ணு, பிஎச்பில எழுதுனது, நம்ம ஹோஸ்டிங்லயே போட்டுக்கலாம், யாருக்கும் கைகட்டி நிக்க வேணாம், வீட்டுல டெக்னிக்கல் ஆள் இருந்தா அதான் பெஸ்ட்டுன்னு நான் சத்தியம் பண்ணி சொல்வேன், ஆனா அப்டேட் போடறது, பேக்கப் எடுக்கறது, ஸ்பாம் வந்தா தடுக்கறது எல்லாம் நம்ம தலையில. டொமைன் ஏற்கனவே க்ளவுட்ஃப்ளேர்ங்கற சர்வீஸ்ல இருந்தா அதுலயே ரீடைரக்ட் ரூல், அதாவது இந்த லிங்க்கை அமுக்குனா அங்க போன்னு ஒரு விதி, போட்டுக்கலாம், ஃப்ரீ பிளான்ல பத்து ரூல் வரைக்கும், அஞ்சாறு லிங்க் மட்டும் போதும்னா அதுவே வேலைய முடிச்சிரும். எந்தப் பைல இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு லிங்க் வாரியா ஈசியா பாக்க முடியாதுங்கறதால நான் அங்க நிக்கல.

இப்ப டொமைன். இதுதான் இந்த ரிவ்யூலயே முக்கியம், ஷார்ட்.ஐஓ பத்தி சொல்றதுக்கு முன்னாடி இதைச் சொல்லியே ஆகணும். எங்க வெப்சைட்டைப் பண்ணிக் குடுத்தவர் டொமைனை அவர் இமெயில்ல, அவர் அக்கவுண்ட்ல வாங்கி வச்சிருந்தாரு. நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் நடக்குது. ஒரு டிஎன்எஸ் ரெக்கார்ட் (டொமைன் பேரை டைப் பண்ணா எங்க போகணும்னு சொல்ற குறிப்பு) சேக்கணும் அண்ணேன்னு கேட்டா "பண்ணிடலாம்மா, நாளைக்கு"ன்னாரு, அந்த நாளை வரவே இல்ல, அப்புறம் போன் எடுக்கல, அப்புறம் "அதுக்குத் தனி சார்ஜ் ஆகும்"னாரு. கடைசில வேற ஒருத்தரை வச்சுப் பேசி டொமைனை எங்க அக்கவுண்டுக்கு மாத்தி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஒரு டொமைனை இன்னொரு கம்பெனிக்கு மாத்தணும்னா லாக்கை எடுத்துவிட்டு ஒரு ட்ரான்ஸ்ஃபர் கோடு வாங்கணும், அந்தக் கோடு யார் கையில இருக்கோ அவங்கதான் உண்மையான ஓனர், பில் யார் பேர்ல இருந்தாலும் சரி. உங்க வெப்சைட் ஆள்கிட்ட இன்னைக்கே கேளுங்க, டொமைன் எந்த கம்பெனில இருக்கு, லாகின் யாருதுன்னு. மழுப்புனா உஷாராயிக்கோங்க.

புதுசா குட்டி டொமைன் வாங்கணுமாங்கற கேள்விக்கு என் பதில் வேணாம். டாட் லிங்க், டாட் கோ, டாட் ஐஓன்னு ஆசையா இருக்கும், முதல் வருஷம் விலையும் கம்மியா காட்டுவாங்க, ரினியூவல் வரும்போதுதான் தெரியும் அசல் ரேட்டு. வாங்கறதுக்கு முன்னாடி முதல் வருஷ விலைய விட்டுட்டு ரெண்டாவது வருஷ விலைய மட்டும் பாருங்க, சின்ன எழுத்துல எங்கயாவது போட்டிருப்பாங்க. நான் பண்ணது என்னன்னா இருக்கற டாட் இன் டொமைனுக்கு முன்னாடி கோன்னு (ஜி, ஓ) ரெண்டு எழுத்து சேத்து ஒரு சப்டொமைன், அவ்ளோதான். சப்டொமைனுக்குத் தனியா ஒரு பைசா கிடையாது. கடைப் பேர் அப்படியே தெரியுது, பாக்கறவங்களுக்கும் இது அவங்க கடை லிங்க்தான்னு நம்பிக்கை. கண்ட எழுத்தோட வர்ற லிங்க்கை அமுக்காதேன்னு இப்ப பேங்க்ல இருந்து போலீஸ் வரைக்கும் எல்லாரும் சொல்லிட்டு இருக்காங்க, எங்க கஸ்டமருங்க பெரும்பாலும் நாப்பது வயசுக்கு மேல உள்ள அக்காமாரு, பேர் தெரியாத லிங்க்கை அவங்க தொடவே மாட்டாங்க, தொடாததும் நல்லதுதான்.

செட்டப். ஷார்ட்.ஐஓல இமெயில் குடுத்து அக்கவுண்ட் ஆரம்பிச்சா டொமைன் இருக்கா, இல்ல நாங்களே ஒண்ணு தரட்டுமான்னு கேக்கும். அவங்க தர்றது ஷார்ட் டாட் ஜிஒய்ல முடியற சப்டொமைன், சும்மா பழகிப் பாக்க ஓகே, பைல அடிக்க அது வேணாம், திரும்ப அதே வாடகை வீடுதான். சொந்த டொமைன்னு குடுத்துட்டு கோ போட்ட முழு பேரையும் டைப் பண்ணா, உங்க டிஎன்எஸ்ல இந்த சீநேம் ரெக்கார்டை (ஒரு பேரை இன்னொரு பேருக்குத் திருப்பி விடற ரெக்கார்ட்) சேருங்கன்னு ஒரு விலாசத்தைக் காட்டும். அதைக் காப்பி பண்ணி டொமைன் வாங்குன இடத்துல போடணும்.

இந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு பாத்து செய்ங்க. டிஎன்எஸ் பேஜ்ல டைப், ஹோஸ்ட், வேல்யூன்னு மூணு பெட்டி இருக்கும். டைப்ல சீநேம். ஹோஸ்ட்ல கோ மட்டும்தான் போடணும், முழு டொமைனையும் போடக்கூடாது, ஏன்னா நிறைய கம்பெனி பேனல்ல மீதிப் பேரை அதுவே ஒட்டிக்கும், நீங்களும் போட்டா கடை பேர் டாட் இன் ரெண்டு தடவை வந்து நிக்கும், பேஜ் சேவ் ஆச்சுன்னு பச்சையா டிக்கும் காட்டும், ஆனா லிங்க் ஜென்மத்துக்கும் வேலை செய்யாது. வேல்யூல ஷார்ட்.ஐஓ குடுத்த விலாசம். டொமைன் க்ளவுட்ஃப்ளேர்ல இருந்தா பக்கத்துல ஆரஞ்சு மேகம் ஒண்ணு இருக்கும், அதை அமுக்கி சாம்பலாக்கிடுங்க, இல்லன்னா எஸ்எஸ்எல் (லிங்க் பாதுகாப்பானதுன்னு காட்டற சர்டிஃபிகேட்) எடுக்கறதுல மக்கர் பண்ணும். கோ இல்லாம வெறும் டொமைனையே ஷார்ட் லிங்க்குக்குக் குடுக்கலாமேன்னு தோணும், குடுக்காதீங்க, அங்க ஏற்கனவே வெப்சைட்டும் மெயிலும் உக்காந்திருக்கும், டிஎன்எஸ் விதிப்படி சீநேம் இருக்கற பேர்ல வேற எந்த ரெக்கார்டும் சேந்து இருக்கக்கூடாது, அதுக்காக ஏ ரெக்கார்டை (வெப்சைட் எந்த சர்வர்ல இருக்குன்னு சொல்ற ரெக்கார்ட்) மாத்துனா வெப்சைட் காணாமப் போயிரும்.

ரெக்கார்ட் போட்டதும் உடனே வரலைன்னு பதறாதீங்க, கொஞ்ச நேரத்துலயும் வரும், சில சமயம் மறுநாள் கூட ஆகும், டீ குடிச்சுட்டு சேலைய மடிங்க. எஸ்எஸ்எல் அதுவே எடுத்துக்குது, ஃப்ரீலயே, பூட்டுக் குறியோட வருது, நாம எதையும் வாங்கி ஒட்ட வேணாம். இந்த ஒரு விஷயத்துல ஷார்ட்.ஐஓவை மனசாரப் பாராட்டுவேன், சர்டிஃபிகேட்னு ஒரு வார்த்தை கூட நம்மளைக் கேக்கல. அப்புறம் டொமைன் செட்டிங்ஸ்ல வெறும் கோ டொமைனை மட்டும் டைப் பண்ணி வர்றவங்களை எங்க அனுப்பணும்னு ஒரு இடம் இருக்கு, அதுல வெப்சைட்டைக் குடுத்துருங்க, இல்லன்னா பைல இருக்கற லிங்க்கைப் பாதி டைப் பண்ணிட்டு வர்ற ஆளு வெறும் பேஜைப் பாத்துட்டு திரும்பிப் போயிருவாரு.

லிங்க்குக்குப் பேர் வைக்கறது தனிக் கலை. எதுவும் குடுக்கலைன்னா அதுவே கலந்துகட்டி சில எழுத்து போட்டுக் குடுக்கும். போன்ல ஒரு கஸ்டமருக்கு அதைச் சொல்லிப் பாருங்க, "பெரிய க்யூக்கா, அப்புறம் சின்ன எல், இல்லக்கா ஒண்ணு இல்ல, எல், அப்புறம் ஜீரோ, ஓ இல்ல"ன்னு உயிரு போயிரும். அதனால எல்லாமே கையாலதான் வைக்கறேன், எல்லாமே சின்ன எழுத்து, நம்பரே கிடையாது. தீபாவளின்னு வைக்கலாம்னு எங்க அண்ணி சொன்னாங்க, இங்கிலீஷ்ல அதை எழுத ஊருக்கு ஒரு ஸ்பெல்லிங், டியோட ஹெச் வருமா, ஈ ஒண்ணா ரெண்டா, வி-யா டபிள்யூ-வா, அதெல்லாம் வம்பு. தமிழ்லயே வைக்கலாமேன்னா மேல சொன்ன 9 எழுத்துப் பிரச்சனை திரும்ப வந்துரும், காப்பி பண்ணி ஒட்டும்போது சதவீதக் குறியா நிக்கும். அதனால ஆஃபர், நியூ, மேப், ஷாப்னு எல்லாருக்கும் ஒரே ஸ்பெல்லிங் தெரிஞ்ச வார்த்தையா இங்கிலீஷ்ல வச்சாச்சு. வாட்ஸ்அப்புக்கு டபிள்யூஏன்னு ரெண்டே எழுத்து. கூகுள்ல ரிவ்யூ போடறதுக்கு ரிவ்யூன்னே ஒண்ணு, கூகுள் குடுக்கற ரிவ்யூ லிங்க்கை யாராலயும் வாயால சொல்ல முடியாது, இதை பார்சலுக்குள்ள வைக்கற துண்டுச்சீட்டுல அடிச்சிருக்கோம்.

பைக்கு மட்டும் பேக்னு தனி லிங்க், பார்சல் சீட்டுக்குத் தனி, இன்ஸ்டா பயோவுக்குத் தனி. போய்ச் சேர்ற இடம் எல்லாம் ஒரே வாட்ஸ்அப்தான், ஆனா எது வழியா வந்தாங்கன்னு தெரியணும்ல. இதையே ஒரே லிங்க்கா எல்லா இடத்துலயும் போட்டா கிளிக் எண்ணிக்கைய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

லிங்க்கைத் திருப்பி விடறதுல 301, 302ன்னு ஒரு சமாச்சாரம் வரும், அதையும் சொல்லிடறேன். 301ன்னா நிரந்தரமா மாறிட்டோம்னு பிரவுசர்கிட்ட சொல்றது, அது அதை ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவை ஷார்ட் லிங்க் பக்கம் வராமலே நேரா பழைய இடத்துக்குப் போயிரலாம். நாளைக்கு நீங்க வாட்ஸ்அப் நம்பரை மாத்துனா அந்த ஆளுக்குப் பழைய நம்பர்தான் திறக்கும், கிளிக்கும் கணக்குல வராது. 302 தற்காலிகம், ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுப் போகும். பைல அடிக்கற லிங்க்குக்கு 302தான் சரி, இங்க டீஃபால்ட்டும் அதான், நோண்டாம விட்டுருங்க. எஸ்இஓக்கு (கூகுள் தேடல்ல மேல வர்றதுக்கு) 301தான் நல்லதுன்னு யாராவது வந்து சொல்லுவாங்க, வாட்ஸ்அப் சேட்டுக்கு என்னங்க எஸ்இஓ. இந்த மாத்திக்கற வசதிதான் மொத்த கதையோட உசுரு. ஆடி மாசம் ஆடித் தள்ளுபடி கேட்லாக், ஐப்பசில தீபாவளி கலெக்‌ஷன், தைல பொங்கல், பை அதே பை, க்யூஆர் அதே க்யூஆர், உள்ளுக்குள்ள போற இடம் மட்டும் மாறிட்டே இருக்கு. போன வருஷம் வாங்குன பையை வச்சிருக்கறவங்களுக்கும் இந்த வருஷ சேலைதான் தெரியும்.

கிளிக் கணக்கு பத்தி. மொத்த கிளிக்னு ஒண்ணும், மனுஷங்க பண்ண கிளிக்னு ஒண்ணும் தனித்தனியா காட்டுது, இது பெரிய விஷயம். ஏன்னா ஒரு லிங்க்கை நாலு குரூப்ல போட்டாலே வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் பிரிவியூ படம் எடுக்கறதுக்காக அதுவே ஒரு தடவை போய்த் திறந்து பாக்கும், அதெல்லாம் கிளிக்னு எண்ணி சந்தோஷப்பட்டா ஏமாந்துருவோம். எந்த நாடு, எந்த பிரவுசர், எங்க இருந்து வந்தாங்கன்னு காட்டுது. ஊர் பேரை மட்டும் நம்பாதீங்க, மொபைல் டேட்டால வர்றவங்களுக்கு நெட்வொர்க் எந்த ஊர் வழியா வெளிய போகுதோ அந்த ஊரைக் காட்டும், காரைக்குடில உக்காந்து அமுக்குனாலும் சென்னைன்னு வரும். இதை வச்சு சென்னைல கிளை திறக்கலாம்னு முடிவு பண்ணிடாதீங்க. எங்களுக்கு இதுல தெரிஞ்ச உருப்படியான விஷயம், இன்ஸ்டால கிளிக் நிறைய, ஆனா பேசிட்டுப் போயிடறாங்க, பார்சல் சீட்டுல இருந்து வர்றவங்க கம்மி, ஆனா வந்தா வாங்காமப் போறதில்ல. அதனால இப்ப சீட்டை நல்ல தாள்ல அடிக்கறோம்.

குறைன்னு பாத்தா, ஃப்ரீல லிங்க் எண்ணிக்கைக்கும் கணக்கு வைக்கற கிளிக்குக்கும் வரம்பு இருக்கு, சின்னக் கடைக்கு அது தொட முடியாத உயரம், நூறு ரீசெல்லருக்கு ஆளுக்கொரு லிங்க் குடுத்து ஓட்டற பெரிய ஆளுங்க பாத்துக்கணும். மெனு எல்லாம் இங்கிலீஷ், அதுவும் டெக்னிக்கல் இங்கிலீஷ், எங்க அண்ணி மாதிரி ஆள் தனியா உக்காந்து செய்ய முடியாது, ஒரு தடவை யாராவது செட் பண்ணிக் குடுத்தா அதுக்கப்புறம் லிங்க் மாத்தறது மட்டும் ஈசி. காசு கட்டற பிளானுக்கு மாறணும்னா டாலர். 2020ல ரிசர்வ் பேங்க் கொண்டு வந்த விதிப்படி புதுசா வர்ற கார்டுல வெளிநாட்டு ட்ரான்சாக்‌ஷன் ஆஃப்ல தான் இருக்கும், பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணணும், அதுக்கு மேல பேங்க் எடுக்கற ஃபாரெக்ஸ் மார்க்கப் (டாலரா மாத்தறதுக்கான கூடுதல் கட்டணம்), அதுக்கு ஜிஎஸ்டின்னு ஒட்டிக்கும், சைட்ல போட்டிருக்கற விலைய 80, 90ஆல பெருக்கிட்டு அதான்னு நெனச்சா தப்பு. யுபிஐல கட்டிட்டுப் போற ஆளுங்களுக்கு இது தலைவலி. ஒரு மார்க்கு குறைச்சது இந்த ரெண்டுக்கும்தான், மொழிக்கும் டாலருக்கும்.

எஸ்எம்எஸ் அனுப்பற கடைங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது ஷார்ட்.ஐஓ தப்பு இல்ல, நாட்டு விதி. 2024 அக்டோபர் 1ல இருந்து ட்ராய் (டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவுப்படி வியாபார எஸ்எம்எஸ்ல வர்ற லிங்க் முன்கூட்டியே வியாபார எஸ்எம்எஸ்ஸைப் பதியற டிஎல்டி போர்ட்டல்ல ஒயிட்லிஸ்ட் ஆகியிருக்கணும், அதாவது அனுமதிப் பட்டியல்ல இருக்கணும், இல்லன்னா மெசேஜே போய்ச் சேராது. ஷார்ட் லிங்க் ரெடி பண்ணிட்டு தீபாவளிக்கு முதல் நாள் பல்க் எஸ்எம்எஸ் அடிக்கலாம்னு உக்காந்தா மாட்டிக்குவீங்க, உங்க எஸ்எம்எஸ் கம்பெனிகிட்ட முன்னாடியே சொல்லி கோ டொமைனைப் பதிஞ்சு வையுங்க. இங்கயும் சொந்த டொமைன் இருக்கறது வசதி, ஊர்ல எல்லாரும் சேந்து பயன்படுத்தற டொமைன்ல எவனோ ஒருத்தன் மோசடி லிங்க் போட்டா அந்தப் பேர் கெடும், நம்ம டொமைன்ல நாம மட்டும்தான். வாட்ஸ்அப் மட்டும் போதும்ங்கறவங்களுக்கு இந்தப் பஞ்சாயத்தே இல்ல.

ஷார்ட்.ஐஓவே நாளைக்கு ஃப்ரீய நிறுத்திட்டா என்ன பண்ணுவேன்னு கேட்டா, இருக்கற லிங்க் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல எழுதி வச்சிருக்கேன், இடது பக்கம் சின்ன பேரு, வலது பக்கம் அது போற இடம். டிஎன்எஸ்ல அந்த ஒரு சீநேமை வேற சர்வீஸுக்குத் திருப்பி, அதே பேருங்களை அங்க போட்டா முடிஞ்சது, ஊர்ல சுத்திட்டு இருக்கற ஒரு பை கூட வீணாகாது. பொது ஷார்ட்னர்ல இதைச் செய்யவே முடியாது. அந்த ஷீட்டை நீங்களும் வச்சுக்கோங்க, போன்ல மட்டும் வைக்காம மெயில்லயும் ஒரு காப்பி.

பை ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி பிரிண்டர்கிட்ட ஒரே ஒரு பை மட்டும் அடிச்சு வாங்கி, பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒண்ணுல, ராத்திரி வெளிச்சத்துல, பையை லேசா கசக்கி வச்சு ஸ்கேன் பண்ணிப் பாருங்க. க்யூஆரைச் சுத்தி நாலு கட்டம் அளவுக்கு வெத்து இடம் விடச் சொல்லுங்க, டிசைன் பண்றவங்க அழகுக்காக அங்கதான் பார்டர் போடுவாங்க. கருப்பு மை, வெளிர் துணி, இதை மாத்த விடாதீங்க, அரக்குப் பைல தங்கக் கலர் க்யூஆர் எவ்ளோ ஆசையா இருந்தாலும் சரி. டொமைனுக்கு ஆட்டோ ரினியூவல் ஆன் பண்ணியாச்சா, அதுல குடுத்த கார்டு எப்ப எக்ஸ்பைரி ஆகுதுன்னும் பாத்துட்டு அப்புறம் பைக்கு அட்வான்ஸ் குடுங்க.